மூக்கில்லாத கிளி

வாசக்கால் வண்டியிலிருந்து இறங்கியபோது மணி ஒன்பதேகால். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும் என்று மேஸ்திரி கோதண்டபாணி விடிந்ததிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார். கதவோடு சேர்த்துத் தேக்கு அத்தனை கனம். ஆறு ஆள் தூக்கியும் முனகினார்கள். ஜீவிதா மட்டும் தன் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து இறங்கியதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரிக்கமாட்டாளா பின்னே? ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டி மூன்று வருடம் கழித்து அவள் வரைந்து எழும்பப்போகும் முதல் வீடு இது. திருப்பருத்திக்குன்றம் போகிற சாலையில் ஆயிரத்து நூறு சதுர அடி. அஸ்திவாரம் மட்டும்தான் முடிந்திருந்தது. வரைபடத்தில் பூசாத செங்கல் சுவர், நடுவில் வெளிச்சம் இறங்க ஒரு கண்ணாடித் திறப்பு, முகப்பில் வேறு ஆடம்பரம் கிடையாது. இந்த வாசக்கால் ஒன்றே போதும் என்று மற்றதையெல்லாம் அடக்கி வரைந்திருந்தாள். தாமல் பக்கம் இடிபட்ட ஒரு பெரிய வீட்டுடையது. மூன்று மாதம் பழைய மரக்கடைகளில் அலைந்து பிடித்தாள். இரண்டு பக்கமும் தாமரைக் கொடி, உச்சியில் ஜோடிக் கிளி. தெருவில் போகிறவன் ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும், அந்தப் போட்டோ பத்திரிகையில் வர வேண்டும். பாவம், அவ்வளவுதான் ஆசை.

வீட்டுக்காரி கிரேஸுக்கு ஒரகடம் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. அவளுக்கும் வாசக்கால் பிடித்திருந்தது. அவள் அப்பா வீரபத்திரன்தான் கிட்டே வந்து கிளியைத் தொட்டவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தக் கிளிக்கு மூக்கு இல்ல பாரு."

"பழசுதானே அங்கிள், எங்கயாவது இடிச்சு ஒடஞ்சிருக்கும்," என்றாள் ஜீவிதா.

"எங்கியும் இல்லமா. நான்தான் ஒடச்சேன். தேங்கா நாரு வெச்சுத் தேய்க்கிறப்போ பூடுச்சி. அன்னிக்கு வாங்குன ஒத..." நிறுத்திக்கொண்டார். "பதினாலு பொங்கலுக்கு நான்தான் இதுக்கு எண்ணெ போட்டுக்கினு இருந்தேன். கிண்ணத்த வெளியவே வெச்சிடுவாங்க. படியத் தாண்டக் கூடாது நாங்க."

கிரேஸின் முகமே மாறிவிட்டது.

"இத எடுத்துக்கினு போகச் சொல்லுங்க மேடம். எங்கப்பாவ வெளிய நிக்க வெச்ச கதவு எங்க வூட்டுக்கு வாணாம்."

"சரிங்க," என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்திலும் ஜீவிதாவின் மனசு முகப்பைத்தான் நினைத்தது. சீ என்று இருந்தது அவளுக்கு.

"மணி பத்தாவப் போவுதுபா. வெக்கிறதா வாணாமா?" என்றார் மேஸ்திரி.

வீரபத்திரன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. செங்கல் அடுக்கில் சாய்த்திருந்த வாசக்காலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அந்தப் பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவினார். தாமரை இல்லை, கிளி இல்லை. இழைத்த மரம், ஒரு தாழ்ப்பாள், துருப்பிடித்த ஆணி ஒன்று.

"அடப் போப்பா, இங்க ஒண்ணியுமே இல்லியே!" என்று சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "உள்ள இருந்தவங்கல்லாம் இந்த மொட்ட மரத்தத்தான் பார்த்துக்கினு இருந்தாங்களா? மேஸ்திரி, தூக்கி நிறுத்துப்பா. கிளி உள்பக்கம் பாக்கட்டும்."

"வேலப்பாட்ட எவனாவது உள்ள வெப்பானா? அப்பிடி வெச்சா கதவு தெருப் பக்கமா தொறக்கும்."

"தொறக்கட்டுமே. வெளிய நின்னு பார்த்தது போதும்பா. இனிமே உள்ள குந்திக்கினு பாக்குறேன்."

எல்லோரும் ஜீவிதாவைப் பார்த்தார்கள். தெருவுக்கு இனி மொட்டை மரம்தான். டேப்பை எடுத்து நீட்டி அளந்தாள்.

"கதவு வெளிய தொறந்தா படியில நிக்கிறவங்கள இடிக்கும். பிளான்ல படிய மூணடி தள்ளிப் போடணும்," என்றாள்.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவே கேட்டபிறகு கிரேஸும் மறுக்கவில்லை; வாசக்கால் நிற்கப்போகும் குழியில் நவதானியத்தைத் தூவி, கண்ணை மூடி ஜெபித்தாள். ஆறு பேரும் வாசக்காலைத் திருப்பினார்கள். பத்து இருபத்தைந்துக்கு அது நின்றது. கயிற்றை அவிழ்த்ததும் கதவு இரண்டும் தெருவைப் பார்த்துத் திறந்தன.

சுவரே இல்லாத இடம், எப்படி வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வீரபத்திரன் சாலைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வாசக்காலின் படியைத் தாண்டித்தான் வந்தார். கவிழ்த்துப் போட்டிருந்த சிமெண்டுச் சட்டியின் மேல் உட்கார்ந்து கிளியை நிமிர்ந்து பார்த்தார்.

"மரம் காஞ்சி பூடுச்சி. எண்ணெ வாங்கியாமா," என்றார் மகளிடம்.