எட்டாவது குழி

ஆறு மணிக்கு எழுந்தேன், பல் தேய்த்தேன், மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேனில் ஏறினேன். மூடிக் கிடக்கும் பேட்டரி தொழிற்சாலையின் மண்ணில் ஈயம் இருக்கிறதா என்று நாங்கள் சோதிக்கிறோம். இல்லை என்று வந்தால் அங்கே குழந்தைகள் பூங்கா கட்டுவார்கள்.

குழிக்குக் குழி கையுறை மாற்ற வேண்டும். எட்டாவது குழியில் மறந்துவிட்டேன். ஏழாவதின் மண் கலந்தால் முடிவு பொய்யாகிவிடும். பாட்டிலில் எடுத்ததைக் கொட்டப் போனேன்.

"விடு மாப்ளே, மண்ணு என்ன வாயத் தொறந்து சொல்லவா போகுது?" என்றார் டிரைவர்.

கொட்டிவிட்டு, புதுக் கையுறை மாட்டி மறுபடி தோண்டினேன். போன வருடம் இதே மாதிரி ஓர் இடத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், மகளைத் தூக்கக் கை நீட்டினேன். கட்டிலில் கிடந்த என் மனைவி கடைசியாகப் பேசியது அப்போதுதான்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வா, அப்புறம் பிள்ளையத் தூக்கு."