நடுவில் இழுத்த இடம்

2007ஆம் ஆண்டு ஆவணி மாதம் முதல், கண்டி கட்டுக்கலையில் குடியிருந்த பத்மாதேவிக்கும் அவள் கணவர் பொன்னுத்துரைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விழுந்துவிட்டது. பொன்னுத்துரை ஓய்வுபெற்ற நில அளவையாளர். வாசலில் நின்று நாடா பிடித்து அளந்தார், சமையலறையில் நின்றும் அளந்தார், கூடவுமில்லை, குறையவுமில்லை. அவர் ஓர் எட்டு கிட்ட வந்தால் தரையும் ஓர் எட்டு நீண்டு கொடுத்தது.

காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அந்த வருடம்தான் கொழும்பில் வேலை பார்த்த அவர்களுடைய ஒரே மகன் விவேகானந்தனை இலக்கத்தகடு இல்லாத வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அலுவலகம், கோயில் என்று ஏறி இறங்கிக் களைத்த பத்மாதேவிக்கு, சுவரில் தானும் கணவரும் மட்டும் நிற்கும் படத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதைக் கழற்றிக்கொண்டு, டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த கலஹாக்கார வில்பிரட்டிடம் போனாள். அவன் படத்தைக் கணினியில் ஏற்றி, இருவர் தோள்களுக்கும் நடுவே தெரிந்த நீலத் திரைச்சீலையை மட்டும் கட்டம் கட்டிப் பிடித்து இழுத்தான். முகங்கள் கோணவில்லை, திரை மட்டும் அகன்று, இருவரும் ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கினார்கள். பத்மாதேவி மகனின் அடையாள அட்டைப் படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். "குடுங்கம்மா, நடுவுல ஒட்டிரலாம். முந்தாநாளும் ஒருத்தவங்க கருமாதிக்கு இப்படித்தான் செஞ்சு வாங்கிட்டுப் போனாங்க" என்றான் வில்பிரட், பாவம், வேறொன்றும் நினைக்காமல். எடுத்த படம் திரும்பவும் பைக்குள் போயிற்று. "அவன் வந்து தானே நிப்பான், தம்பி. நீங்கள் இடத்தை மட்டும் விட்டாக் காணும்" என்றாள்.

படம் சுவரில் ஏறிய நாளிலிருந்துதான் இப்படி. கட்டில் அகன்று அலுமாரியை இடித்தது. அறைச்சுவர் ஒரு சாண் நகர்ந்து பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மாவின் வளவுக்குள் போனது. "புள்ள வரட்டும் தங்கச்சி, காணி எங்க ஓடப் போகுது" என்று அவர் தன் பூச்செடிகளைத் தள்ளி நட்டுக்கொண்டார். கலகெதர பஸ்ஸில் இருவர் சீட்டு இவர்களுக்கு மட்டும் மூவர் சீட்டானது. நடுவில் யாராலும் உட்கார முடியாததைக் கண்டு கண்டக்டர் கொஞ்ச நாள் முணுமுணுத்தான், பிறகு விட்டுவிட்டான். யுத்தம் முடிந்தது. வவுனியா முகாம்கள்வரை போய்த் தேடினார்கள், மகன் இல்லை. பத்மாதேவி தேத்தண்ணீரைக் கதிரையில் வைத்துக் கணவர் பக்கம் தள்ளிவிடப் பழகியிருந்தாள்.

பொன்னுத்துரை படுக்கையில் விழுந்தபோதுதான் தான் செய்த காரியம் அவளுக்கு நெஞ்சில் இடித்தது. காய்ச்சலில் கொதித்த நெற்றியை மற்றவர்கள் தொட்டுப் பார்த்துச் சொல்லத்தான் அவள் கேட்க வேண்டியிருந்தது. ஸ்டூடியோவுக்கு ஓடினாள். வில்பிரட் அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருந்தான்.

"ஒரு இழுப்புதாம்மா, பழையபடி சேர்ந்திரும்."

"அப்ப பிள்ளை வந்தா?"

வில்பிரட் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவள் வீட்டுக்கு வந்து கணவரிடமே கேட்டாள். அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "இஞ்சேரும், கிடக்கட்டும். அவன் வந்து எங்கை நிக்கிறது?" அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று பிறகு வாழ்ந்த காலமெல்லாம் வருந்தினாள்.

அந்தக் கிழமை முடியுமுன்பே அவர் கண்ணை மூடினார். பத்மாதேவி அள்ளிப் போட்ட வாய்க்கரிசி அவர் வாய்க்கு எட்டாமல் நடுவில் கொட்டுண்டது. கையைப் பிடித்து அனுப்பிவைக்கக்கூடக் கொடுத்துவைக்காத பாவியானேனே என்று அவள் கதறினாள். கொள்ளி வைக்க வந்த பொன்னுத்துரையின் தம்பி மகன் எங்கே நிற்பதென்று தெரியாமல் தடுமாறியபோது, அழுகையை நிறுத்தாமலே, "அப்பன், கொஞ்சம் தள்ளி நில்லு" என்றாள். அவன் தள்ளி நின்றான். ஐயரும் நடுவில் விட்ட அந்த இடத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய்த் தர்ப்பையை அவனிடம் கொடுத்துவிட்டு, மந்திரத்தைத் தொடர்ந்தார்.