மாமனார் திருகிய மூடி

வீட்டோடு மாப்பிள்ளைக்கு வாய் எதற்கு? சாப்பிட மட்டும்தான். அதிலும் இவன் பிளம்பர். ஊரார் வீட்டுக் குழாயெல்லாம் இவன் பேச்சைக் கேட்கும். மாமனார் வீட்டுக் குழாயைத் தொட மட்டும் அனுமதி வாங்க வேண்டும்.

போன மாதம் புதுத் தண்ணீர் மீட்டர் வைக்க வந்தவர்கள், தண்ணீர் தெருவுக்குத் திரும்பிப் போகாதபடி ஒரு வால்வையும் மாட்டிவிட்டுப் போனார்கள். வந்தது வினை. தண்ணீர் சூடானால் விரியும். முன்பெல்லாம் விரிந்தது தெருக் குழாய்க்குள் பின்வாங்கிவிடும். இப்போது போக்கிடம் இல்லை. ஹீட்டரின் சேஃப்டி வால்வு அதைச் சொட்டுச் சொட்டாக வெளியே விட்டது.

"ஒரு சொட்ட நிறுத்த வக்கில்ல, இவரு பெரிய பிளம்பரு," என்றார் மாமனார்.

"அது சொட்டித்தான் ஆகணும் மாமா. நிறுத்தணும்னா எக்ஸ்பான்ஷன் டேங்க் வைக்கணும். உள்ள காத்து இருக்கும், விரியிற தண்ணி அதுல போய் ஒதுங்கிக்கும்."

"முப்பது வருஷமா டேங்க் இல்லாமதான் குளிக்கிறேன்."

மனிதர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மறுநாள் காலை பார்த்தால், சேஃப்டி வால்வின் வாயில் ஓர் இரும்பு மூடியைத் திருகி இறுக்கியிருந்தார். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். சூடு எல்லை மீறினால் ஹீட்டர் வெடிக்கும். அழுத்தம் வெளியேற இருந்த ஒரே வழியையும் அடைத்தாயிற்று. சுவிட்சை அணைத்து, சூடு இறங்கியதும் மூடியைக் கழற்றினான்.

அடுத்த நாள் மூடி மறுபடி ஏறியிருந்தது. இப்படியே ஐந்து நாள், இவன் கழற்ற அவர் மாட்ட என்று ஓடியது. கேட்டால் 'இது யார் வீடு?' என்ற கேள்வி வரும்.

ஆறாம் நாள் மாமனார் கடைக்குப் போன நேரம் பார்த்து உருண்டையான டேங்க் ஒன்றை வாங்கி வந்து, ஹீட்டருக்குப் போகிற குழாயில் மாட்டினான். மூடியைக் கழற்றிவிட்டு, ஹீட்டரைப் போட்டு ஒரு மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு சொட்டு விழவில்லை.

மாமனார் வந்தார். குனிந்து வால்வை விரலால் தடவிப் பார்த்தார்.

"சொட்டுதான் நின்னுடுச்சே. அப்புறம் எதுக்கு இந்த உருண்டை? கழட்டு."

"மாட்டேன் மாமா."

மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் அவன் சொன்ன முதல் 'மாட்டேன்'.

"என் பேச்சக் கேக்க முடியலன்னா வேற வீடு பாத்துக்கோ."

சமையலறையிலிருந்து மனைவி கையைத் துடைத்தபடி வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"பாத்துக்கிறோம்ப்பா," என்றாள். "டேங்க் மட்டும் இங்கயே இருக்கட்டும். நீங்களும் அம்மாவும் குளிக்கணும்ல."