கசிவில் விளைந்த கத்தரி

ஊரில் அவளுக்குக் 'கறார் அக்கா' என்று பெயர். அவளிடம் ஒரு கூடை கத்தரிக்காய் வாங்கி முடிப்பதற்குள் வியாபாரிக்கு நாக்கு வறண்டுவிடும். அப்படிப்பட்டவளிடம் கொழுந்தன் வந்து, "அண்ணி, கிணத்துத் தண்ணி வர்ற வாய்க்காலை மூடிட்டு மண்ணுக்கடியில குழாய் போடப் போறேன். உங்க நிலத்து ஓரமாத்தான் போகணும்" என்றால், சும்மா தலையாட்டிவிடுவாளா?

"தாராளமா போடு தம்பி. ஆனா வாய்க்கால் இருந்த இடம் எனக்கு."

"அது ரெண்டு முழம்தானே அண்ணி!"

"ரெண்டு முழம்தானே, உனக்கு மட்டும் எதுக்கு?"

 அதை அவனிடம் எழுத்திலும் வாங்கிக்கொண்டாள்.

குழாய்க்காரர் வேலையில் சுத்தம். மூன்றடிப் பள்ளம் தோண்டி, மூடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். "ஒரு சொட்டு கசிஞ்சா என் மீசையை எடுத்துடுறேன்" என்றார். மீசை பிழைத்தது. முன்பு ஆறு மணி நேரம் ஓடிய கிணற்று மோட்டாருக்கு இப்போது மூன்றரை மணி நேரத்திலேயே வேலை முடிந்தது.

பத்தாம் நாள் அவளுடைய கத்தரிச் செடிகள் தலை தொங்கின. பூச்சியாக இருக்கும் என்று மருந்தடித்தாள். பிறகு வேரடியைத் தோண்டினாள். மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருடமாக இந்த நிலத்துக்கு அவள் தண்ணீர் பாய்ச்சியதே இல்லை. மேட்டில் ஓடிய வாய்க்காலின் கரையெல்லாம் எலிவளை. அதில் ஒழுகியதைக் குடித்துத்தான் செடிகள் வளர்ந்தன. அவளோ, தன் மண் ராசியான மண் என்றிருந்தாள். பாகம் பிரித்த அன்று கிணற்றுப் பங்கு வேண்டாம், பதிலுக்கு நிலம் கூடுதலாகக் கொடுங்கள் என்று சாதித்தவளும் அவளேதான்.

கிணற்றடிக்கு ஓடினாள். கொழுந்தனோடு, பாதிக் கிணற்றுக்குச் சொந்தக்காரரான மாமனாரின் தம்பியும் இருந்தார்.

"மாமா, அந்தக் குழாயில எனக்கொரு வால்வு வெச்சுக் குடுங்க."

"வெக்கலாம்மா. வாய்க்கால்ல உன் முறை வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? அதையே குடுத்துடுறோம்."

 ஒழுகியதை எத்தனை மணி என்று சொல்வது?

"மிச்சமாகுற தண்ணியாச்சும்..."

"அதை நம்பித்தானேம்மா மேட்டு நிலத்துல சோளம் விதைச்சேன். முளைச்சு நிக்குது."

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "குடத்துல மொண்டுக்கங்க அண்ணி. நான் தடுப்பேனா?"

மனதாரத்தான் சொன்னான். சண்டைக்குக்கூட இடமில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து குடத்தில் சுமந்தாள். மொத்தம் நாற்பது வரிசை. ஆறாவது வரிசையை நனைத்துவிட்டு நிமிர்ந்தபோது, முதல் வரிசை மறுபடி துவண்டிருந்தது. எதைக் கைவிடலாம், பிஞ்சில்லாத வரிசை ஒன்றாவது இருக்காதா என்று இடுப்பில் குடத்தோடு நடந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் பிஞ்சு இருந்தது.