தோட்டத்து மண்

பால் டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்து அடியில் ஒரு தட்டுத் தட்டினாள் ருக்மணி. தக்காளி நாற்று மண்கட்டியோடு உள்ளங்கையில் வந்து விழுந்தது. அடித்துளை வழியே வெளியே நீண்டிருந்த வேரை நகத்தால் கிள்ளிவிட்டு, புதிதாக முடைந்த வக்வா தாழை ஓலைக் கூடைக்குள் நாற்றை இறக்கினாள். தண்டு பாதிக்குமேல் புதையும்படி மண்ணைப் போட்டு, இரண்டு கட்டைவிரலாலும் சுற்றி அமுக்கினாள். புதைந்த தண்டிலும் வேர் இறங்கும். அடுத்த டப்பாவை எடுத்தாள்.

கரும்புத் தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருப்பான காம்பில் அவர்களுக்கு இன்னும் மூன்று நாள்தான். சனிக்கிழமை வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். ஆகஸ்டில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது கூலி கூட்டித் தரச் சொல்லித் தீவெங்கும் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தோட்டத்தில் மணியடித்தும் அரிவாளைத் தொடாமல் முதல் ஆளாக நின்றவன் அவளுடைய புருஷன் அப்பாசாமி. சும்மாவே அவனுக்கு வாய் நீளம். வெட்டு முடியும்வரை பொறுத்திருந்த தோட்டத்து முதலாளி மிசியே, முடிந்த மறுநாள் அவனுக்குச் சீட்டைக் கிழித்தார்.

செமின் கிரனியே ஊரில் இருக்கும் அக்கா புருஷன் பொன்னுசாமி, தன் நிலத்தில் ஒரு துண்டைக் கொத்தி வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கையில் இருக்கிற நாற்றைக் கொண்டுபோய் நட்டால் வருஷப் பிறப்புக்குப் பிறகு காய் எடுத்து விற்கலாம். பொம்தாமூர் என்கிற இந்தத் தக்காளி இல்லாமல் இந்தத் தீவில் யார் வீட்டு அடுப்பும் எரியாது. நாற்று போனால் மறுபடி விதை போட்டு முளைத்துக் காய்க்கிறவரை அக்கா வீட்டுச் சோற்றை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே ருக்மணிக்கு உடம்பு கூசியது.

நேற்றுச் சாயங்காலம்தான் வினை வந்தது. கூலிகளை வேலை வாங்கும் சர்தார் வீரசாமி சுற்றிப் பார்க்க வந்தவர், வேலியோரத்தில் இருந்த ஒரு டப்பாவைத் தூக்கினார். அது வரவில்லை. இன்னொன்றைத் தூக்கினார். அதுவும் தரையை விடவில்லை. ஈரம் தங்கட்டும் என்று டப்பாக்களை வெறும் மண்ணில் வைத்திருந்தாள் ருக்மணி. வேர் துளை வழியே இறங்கித் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வேரு தரையில இருக்கே அம்மா. காம்பு வழக்கம் உனக்குத் தெரியாததா? தரையில வேரு விட்டது தோட்டத்துக்கு. சட்டியில இருக்கிறதுதான் உன்னுது."

தெரியாமல் என்ன? காம்பை விட்டுப் போனவர்கள் வைத்த வாழையும் முருங்கையும் இன்னும் அங்கேயேதான் நிற்கின்றன.  "சனிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் பெரிய சட்டிக்கு மாத்திடறேன் சர்தாரய்யா" என்றாள் ருக்மணி.

"சட்டிக்கு எங்கடி போவே?" என்று கேட்டான் அப்பாசாமி, அவர் போன பிறகு.

அடுத்த வீட்டு ஜோசியான்தான் வழி செய்தாள். சர்க்கரை ஆலைக்கு வக்வா தாழை ஓலையில் சாக்கு முடைகிறவள் அவள். கழிவு ஓலையை எல்லாம் சேர்த்து முழங்கை உயரத்தில் கூடைகளாக முடைந்து தள்ளினாள். வாயில் ஓலையைக் கடித்துக்கொண்டே கிரியோல் மொழியில் சொன்னாள்: "அயோ, இதுக்குப் போயா அழுவே? மொதக் காய் எனக்கு. மறந்தியோ, நடந்தே வந்து பிடுங்கிட்டுப் போவேன்."

நாற்று மாற்றிய கூடைகளை, வேர் தரையைத் தொடாதபடி கருங்கல்லின்மேல் வரிசையாக அடுக்கினாள் ருக்மணி. ஒரு பொழுது முழுக்க நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்தன.  வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்றது. வாய்விட்டுச் சிரித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மாட்டு வண்டியில் பாய், பெட்டி, பாத்திரம், அம்மன் படம், கூடைகள் எல்லாம் ஏறின. தோட்டத்து எல்லைக் கல்லருகில் சர்தார் நின்றிருந்தார். கூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தார். எங்கும் வேர் இல்லை. 

"செடி உன்னுதுதான்" என்றார் சர்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், "மண்ணு?" என்றார்.

"என்ன மண்ணு?"

"தோட்டத்து மண்ணு வெளிய போகக்கூடாதுன்னு மிசியே சொல்லிட்டாரு. கொட்டிட்டுப் போ."

அப்பாசாமி வண்டியிலிருந்து குதித்தான். "எங்கப்பன் இந்த மண்ணுலதான்யா செத்தான்! ஒரு கூடை மண்ணுக்கு..."

"என்கிட்டக் கத்தி என்ன? நானும் இங்கதான் சோறு திங்கிறேன்."

ருக்மணி புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. ஆனால் இவன் கை நீட்டினால் போலீஸ் வரும், வண்டி நிற்கும், வெயிலில் நாற்று கருகும். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். சர்க்கார் ரோடு. ஓரத்தில் புல்லும் புழுதியுமாக மண்.

"சர்தாரய்யா, ரோடு யாருது?"

"சர்க்காருது."

"மிசியேவுது இல்லையே?"

அவர் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அவள் குடத்துத் தண்ணீரில் கோணியை நனைத்து விரித்தாள். எல்லைக் கல்லுக்கு உள்ளேயே முதல் கூடையைக் கவிழ்த்தாள். மண் கூடையின் அச்சாகவே கீழே உட்கார்ந்தது. நாற்றை மெல்ல உருவி, வேரைத் தண்ணீரில் அலசி, ஈரக் கோணிக்குள் வைத்து மூடினாள். "நீங்க அந்தப் பக்கம் போய் மண்ணை வெட்டுங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தான்.

காம்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஜோசியான் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். யாரும் கூப்பிடாமலே மற்றப் பெண்களும் வந்தார்கள். ஒருத்தி வாய்க்காலிலிருந்து தண்ணீர் சுமந்தாள். இன்னொருத்தி புல்வேரைப் பொறுக்கி மண்ணை உதிர்த்தாள். ரோட்டோரம் நிறைந்த கூடைகளில் நாற்றுகள் மறுபடி கழுத்தளவு புதைந்து நின்றன. சில துவண்டுவிட்டன. பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்று ருக்மணியின் கைக்குத் தெரிந்தது. வண்டியில் ஏற்றி ஈரக் கோணியை மேலே பந்தலாகக் கட்டினாள்.

"மொதக் காய்!" என்று கத்தினாள் ஜோசியான்.

"கூடையோட அனுப்பறேன்!" என்றாள் ருக்மணி.

வண்டி கிளம்பியது. பெண்கள் காம்புக்குத் திரும்பினார்கள். வளைவில் ருக்மணி திரும்பிப் பார்த்தாள். எல்லைக் கல்லுக்கு உள்ளே, ஓலைப் பின்னலின் தடம்கூட அழியாமல், மண் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது. அதை அள்ள வேறு ஆள் இல்லை. சர்தார் வீரசாமி தொப்பியைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்துவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக் கரும்பு வயலுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.