அப்பா பெயரில் போன பதில்கள்

அச்சகத்தில் பிழை திருத்தும் அவளுக்கு மூன்று மின்னஞ்சல் முகவரிகள். ஒன்று அச்சகத்துடையது, ஒன்று அவளுடையது, இன்னொன்று அப்பாவுடையது. மூன்றையும் ஒரே மின்னஞ்சல் நிரலில் வைத்திருந்தாள். படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான். எந்த முகவரிக்குக் கடிதம் வந்ததோ அதிலிருந்தே பதில் போக வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்திருந்தாள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம். பேச்சு போயிற்று, வலது கையும் வரவில்லை. முப்பது வருடம் கூடவே நில அளவை வேலை பார்த்த சிநேகிதருக்கு மட்டும் தெரியக்கூடாது என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் காட்டினார். அதனால் சிநேகிதர் வாரம் தவறாமல் எழுதும் கடிதத்துக்கு மகளே அப்பாவாகப் பதில் போட்டு வந்தாள்.

அன்று காலை அச்சகத்தில் அவளுக்குப் புதுக் கணினி தந்தார்கள். அமைப்புக் கோப்பை அதற்கு மாற்றியதில் அந்த ஒரு வரி விட்டுப்போனதை அவள் கவனிக்கவில்லை. 'தினமும் காலையில் நடக்கிறேன், முட்டிவலிகூட இல்லை' என்று சிநேகிதருக்கு எழுதி அனுப்பிவிட்டு, அந்தக் கடிதத்தைத் திறந்து பார்த்தாள். அனுப்புநர் இடத்தில் அச்சக முகவரி, அவள் பெயர். அடியில் 'முதன்மைப் பிழை திருத்துநர்'.

அதன்பின் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்டு அப்பா முகவரியில் எழுதினாள், அழித்தாள். தன் முகவரியில் எழுதினாள், அதையும் அழித்தாள். எந்தப் பெயரில் மன்னிப்புக் கேட்பது? நிமிடத்துக்கு ஒருமுறை புதுக் கடிதம் வந்திருக்கிறதா என்று விசையைத் தட்டினாள்.

"என்னம்மா, புதுக் கணினிய இன்னைக்கே பழசாக்கிடுவ போலிருக்கே" என்றார் அச்சக முதலாளி.

பதினொன்றரைக்குப் பதில் வந்தது.

"அம்மாடி, உன் ரெண்டாவது கடிதத்துலயே தெரிஞ்சுபோச்சு. உங்கப்பன் என்னைத் திட்டாம ஒரு கடிதத்தையும் முடிச்சதில்ல. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். அவனுக்கு என்ன ஆச்சு?"

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். நடந்ததைக் கேட்டதும் அப்பா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், மடித்துவைத்த துண்டையே மறுபடி மடித்தாள். அரை மணி நேரம் கழித்துக் கட்டில் சட்டம் தட்டப்பட்டது. பென்சில் வேண்டுமாம்.

'வரச் சொல். பரிதாபப்பட்டால் வெளியே தள்ளுவேன்.'

ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர் வந்தார். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, என்றோ ஓர் எல்லைக்கல்லுக்காக இருவரும் போட்ட சண்டையைத் தன் பக்கமே நியாயம் இருந்ததுபோல விஸ்தாரமாகச் சொல்ல ஆரம்பித்தார். அப்பாவின் முகம் சிவந்தது. பென்சிலை வெடுக்கென்று எடுத்து, 'பொய்' என்று எழுதினார்.

"பொய்யா? எங்கே, வாயத் திறந்து சொல்லு பார்ப்போம்."

தேநீர்க் கோப்பைகளோடு வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா சிநேகிதரை முறைத்தார். மெல்ல அப்பாவின் தோள்கள் குலுங்கின. சத்தமே வரவில்லை, ஆனால் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார்.

"சர்க்கரை குறைவாப் போட்டிருக்கியாம்மா?" என்று கேட்டபடி சிநேகிதர் கோப்பையை வாங்கிக்கொண்டார். மறு கையால் தாளை மறுபடி அப்பா பக்கம் தள்ளினார்.