மேட்டில் நிற்காத கார்

கமலக்கண்ணனின் ஒர்க் ஷாப் நாகலூர் போகிற ரோட்டில் இருந்தது. அங்கே வருகிறவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். சமதரையில், ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிற்கிற வண்டிக்குக்கூட அவன் நான்கு சக்கரத்துக்கும் கல் வைப்பான். யாராவது வண்டிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, "முன்னால வந்து நில்லுங்க" என்று சொல்வான். அவர்கள் நகரும்வரை வேலையைத் தொடமாட்டான்.

காரணத்தை அவன் மனைவி சுகுணாவிடம்கூடச் சொன்னதில்லை.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்ததும், பின்சக்கரங்களுக்கு நடுவே இரண்டு பாதங்கள் தெரியும். சாம்பல் நிற சாக்ஸ், அதன்மேல் பழுப்பு ரப்பர் செருப்பு. ஏற்காட்டுக் குளிருக்கு நிறையப் பெண்கள் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் இந்த சாக்ஸில் இடது கட்டைவிரல் பக்கம் கறுப்பு நூலால் தைத்திருக்கும். அவன் ஊர்ந்து வெளியே வந்து பார்ப்பான். யாரும் இருக்கமாட்டார்கள். மூன்று வருஷமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பாதங்கள் ஞானசுந்தரியுடையவை. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் சூசைமாணிக்கத்தின் மனைவி அவர்.

சூசைமாணிக்கத்திடம் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய எஸ்டேட் முதலாளி கொண்டுவந்து, பிறகு மலையை விட்டுப் போகும்போது ரைட்டருக்கே கொடுத்துவிட்டுப் போன கார். அதில் ஹில் ஹோல்டர் என்று ஒன்று உண்டு. மேட்டில் நிறுத்தி, கிளட்சை மிதித்தபடி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி பின்னால் உருளாது. கிளட்சை விட்டு வண்டி மேலேற ஆரம்பிக்கும்போதுதான் பிரேக் தானாக விடும். இந்தக் காலத்துக் கார்களில் எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அந்தக் காரில் அதைச் செய்வது ஒரு மெல்லிய கேபிளும், அதன் நுனியில் இருக்கிற ஒரு நட்டும்தான். கிளட்சைத் தொட்டால் இந்த நட்டையும் தொட்டாக வேண்டும். கிளட்ச் கேபிளை மாற்றிவிட்டு இதைச் சும்மா விட்டால், மேட்டில் வண்டி நிற்காது.

கமலக்கண்ணனுக்கு அது தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதத்துச் சாயங்காலம், அவன் அந்தக் காருக்குப் புது கிளட்ச் கேபிள் போட்டான். பெடல் அளவு சரியாக வந்துவிட்டது. ஹில் ஹோல்டரை மேட்டுக்குக் கொண்டுபோய், மிதித்து மிதித்துப் பார்த்துத்தான் முறுக்க வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. மஞ்சக்குட்டை ஜீப்காரர் ஒருவர் வேறு, வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கூப்பிட்டுச் செய்துகொள்ளலாம் என்று அவன் நினைத்தான். அவன் அடியில் படுத்திருக்க, ரைட்டரோடு வந்திருந்த ஞானசுந்தரி காருக்குப் பின்னால் குடைபிடித்து நின்றார். அவர் பாதங்கள்தான் தெரிந்தன.

"எல்லாம் பாத்தாச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஆச்சுங்கம்மா."

மறுநாள் காலை, சர்ச் இருக்கிற கோயில் மேட்டில் சூசைமாணிக்கம் காரை நிறுத்தினார். ஞானசுந்தரி இறங்கிப் பின்னால் போய், பூசைக்கு வைத்திருந்த பூவை எடுக்க டிக்கியைத் திறந்தார். மழை வலுத்தது. பின் சீட்டில் கிடந்த குடையை எடுத்துக் கொடுக்கலாமென்று ரைட்டர் திரும்பினார். கிளட்சை மிதித்தபடி, முப்பது வருஷப் பழக்கத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் பின்னால் உருண்டது. பின்னால் கருங்கல் சுவர்.

போலீஸ் வந்தது. பிரேக்கை மிதித்துப் பார்த்தார்கள், பிரேக் நன்றாகவே பிடித்தது. "நான்தானுங்க காலை எடுத்தேன்" என்று ரைட்டரே எல்லாரிடமும் சொன்னார். கமலக்கண்ணன் அடக்கத்துக்குப் போனான். கூட்டத்தின் கடைசியில் நின்றான். வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்துச் சொல்லலாமென்று இருந்தான். ஒரு மாதம் போனபிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தான். பாதங்கள் தெரிய ஆரம்பித்தது அப்போதுதான்.

இந்த வருஷம் தை மாதத்தில் அந்தக் கார் திரும்பி வந்தது.

ஓட்டிக்கொண்டு வந்தவள் ரைட்டரின் மகள் ஆன்மேரி. செம்மநத்தம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பஸ் நேரத்துக்கு ஒத்துவரவில்லை. மூன்று வருஷம் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த காரை, டவுனில் ஒருவரைக் கூப்பிட்டு பேட்டரியும் டயரும் பிரேக் ஆயிலும் மாற்றி எடுத்திருந்தாள்.

"கிளட்ச் நொம்ப மேல வந்து புடிக்குதுங்கண்ணா. அதை மட்டும் பாத்துக் குடுத்தா போதும்" என்றாள்.

அவன் காரையே பார்த்துக்கொண்டு நின்றான். பின் பம்பரில் நெளிசலை யாரோ தட்டி எடுத்திருந்தார்கள்.

"அப்பா எப்படி இருக்காருங்க கண்ணு?"

"இருக்காரு." அவள் குரல் வறண்டிருந்தது. "உக்காந்தா வலது கால் தரையை அழுத்திக்கிட்டே இருக்கும். தூங்கும்போதுகூடக் கட்டில் சட்டத்தை மிதிக்கறாரு. நான் இப்ப அவருகிட்ட அதிகம் பேசறதில்லீங்க."

அவன் பானெட்டைத் திறந்தான். கிளட்ச் கேபிளைப் பார்த்தான், அவன் போட்டதுதான். அதற்குக் கீழே ஹில் ஹோல்டரின் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. நட்டின்மேல் விரலை வைத்தான். ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலுக்கே சுழன்றது. யாரும் தொட்டிருக்கவில்லை. அவன் விட்டுப்போன இடத்திலேயே அது இருந்தது.

அடியில் படுத்தான். பாதங்கள் தெரியவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. அத்தனை வண்டிகளுக்குப் பின்னாலும் நின்றவர் இந்த வண்டிக்குப் பின்னால் நிற்கவில்லை. முதுகுக்குக் கீழே சிமெண்ட் தரை பனிக்கட்டிபோல் இருந்தது. கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று போய்விட்டாரா, இல்லை, பதிலுக்காக வேறெங்காவது காத்து நிற்கிறாரா என்று அவனுக்குப் புரியவில்லை.

நட்டை முறுக்கப் பத்து நிமிஷம் போதும். முறுக்கிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஸ்பேனரைப் பொருத்தினான். பிறகு எடுத்துவிட்டான். கிளட்சை மட்டும் சரிசெய்து, வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"கண்ணு, வண்டியை நானே ஊட்டுக்கு ஓட்டிட்டு வரேன். உங்கப்பாகிட்ட ஒண்ணு காட்டணும்."

"என்னங்கண்ணா?"

"அவருகிட்டதான் முதல்ல சொல்லணுங்க."

சூசைமாணிக்கம் முன்னறையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கமலக்கண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு, ஆடி மாதத்துச் சாயங்காலத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். ஞானசுந்தரி கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் சொன்னான். வாசற்படியில் நின்ற ஆன்மேரி ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ரைட்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"காட்டு" என்றார்.

வெளியே வந்து, பானெட்டுக்குள் குனிந்து, அவன் காட்டிய இடத்தில் விரலை வைத்தார். திருப்பினார். நட்டு சுழன்றது.

"கையிலயே சுத்துது."

"ஆமாங்கய்யா."

"முறுக்காத. அப்படியே இருக்கட்டும். கோயில் மேட்டுக்குப் போலாம்."

"அப்பா, வேண்டாம்" என்றாள் ஆன்மேரி. அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கோயில் மேட்டில் பனிமூட்டம் காப்பிச் செடிகள்வரை இறங்கியிருந்தது. பூசை நேரமில்லை, ரோடு காலியாக இருந்தது. அதே கருங்கல் சுவருக்கு இரண்டு கஜம் மேலே ரைட்டர் காரை நிறுத்தினார். கமலக்கண்ணன் பழக்கத்தில் கல் தேடினான்.

"கல்லு வேண்டாம்" என்றார் ரைட்டர், ஜன்னல் வழியாக. "நீ பின்னால போய் நில்லு."

ஆன்மேரி அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். தடுக்கவில்லை.

அவன் போய் நின்றான். முன்னால் டிக்கி, முதுகுக்குப் பின்னால் சுவர். சுவரின் ஈரம் சட்டையில் ஏறியது. பக்கத்தில் அவர் நிற்பார் என்று நினைத்தான். சாம்பல் சாக்ஸைத் தேடி அவன் கண் தரையில் ஓடியது. நனைந்த சருகுகளும் அவனுடைய எண்ணெய்க்கறை படிந்த செருப்பும்தான் இருந்தன. ஞானசுந்தரி கடைசியாகப் பார்த்தது இதைத்தான், இந்த டிக்கியின் மூடியையும் இந்தச் சிவப்பு விளக்கையும்தான் என்று அவனுக்குத் தோன்றியது. ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. கால்களை ஊன்றிக்கொண்டான்.

பிரேக் விளக்கு அணைந்தது. ரைட்டர் காலை எடுத்துவிட்டார்.

கார் ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்றது. பிறகு சத்தமே இல்லாமல் உருண்டது. எஞ்சின் உறுமல் கூடவில்லை, டயர் கிறீச்சிடவில்லை. ஒரு சாண், ஒரு முழம், மூன்று முழம். பம்பர் அவன் முழங்காலைத் தொட்டதும் ஹேண்ட் பிரேக் கரகரவென்று ஏறியது. கார் நின்றது.

ரைட்டர் உள்ளே ஸ்டியரிங்கின்மேல் தலையைக் கவிழ்த்திருந்தார். தோள்கள் குலுங்கின. ஆன்மேரி கதவைத் திறந்து அவர் முதுகில் கைவைத்தாள்.

"நான் எடுத்த கால் சரிதான், கண்ணு" என்றார் அவளிடம். "எப்பவும் எடுக்கற மாதிரிதான் எடுத்தேன். எத்தனை தடவை சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன், என் காலே எனக்குத் துரோகம் பண்ணிருச்சுன்னு."

கமலக்கண்ணன் முன்னால் வந்தான். "இப்ப முறுக்கட்டுங்களா?"

"முறுக்கு."

அவன் முறுக்கினான். ரைட்டர் மிதித்துக் காலை எடுத்தார். வண்டி கொஞ்சம் இறங்கியது. இன்னும் அரைச்சுற்று. இந்தமுறை நின்றது, ஆனால் கிளட்சை விட்டு மேலேற்றியபோது பிரேக் விடாமல் இழுத்தது. கால் சுற்று தளர்த்தினான். நான்காவது தடவையில் கார் மேட்டில் கல்லுபோல் நின்றது, கிளட்சை விட்டதும் இலகுவாக ஏறியது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிஷம் மூன்று பேர் மனதிலும் கனத்தது.

காரை விட்டு இறங்கியபோது ரைட்டரின் முகம் வெளிறியிருந்தது.

"நட்டை நீ முறுக்கல. ஹேண்ட் பிரேக்கை நான் போடல" என்றார். "அதை இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா என் பங்கு எவ்வளவுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. முழுசையும் நானே சுமந்துட்டு இருந்தேன்."

"ஐயா, என்னைய..."

"மன்னிப்பு கேக்காத. குடுக்கறதுக்கு எனக்கு இப்போ தெம்பு இல்ல."

ஆன்மேரிதான் அவனை விடவில்லை. ஒர்க் ஷாப் வரை அவனோடு நடந்து வந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"மூணு வருசம் ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு எங்கப்பாவுக்குச் சோறு மட்டும் வச்சேன். முகத்தைப் பாக்கல. அம்மாவைக் கொன்னவர்னு நெனச்சேன். எங்க மாமா ஊட்டுல கல்லறைத் திருநாளுக்குக்கூட அவரைச் சேத்துக்கல. நீங்க தினமும் எங்க வாசலைத் தாண்டித்தானே கடைக்கு வந்தீங்க."

"ஆமாங்க கண்ணு."

"என்னைக் கண்ணுன்னு சொல்லாதீங்க."

அவன் தலையாட்டினான்.

"ஞாயித்துக்கெழமை மாமா ஊட்டுக்குப் போறோம். நீங்களும் வாங்க. அப்பா சொன்னா நம்பமாட்டாங்க. உங்க வாயால சொல்லணும்."

அன்று வீட்டுக்குப் போய் சுகுணாவிடமும் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து கேட்டாள். "ஊர்ல தெரிஞ்சா யாரு வண்டி குடுப்பாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு, "போயிட்டு வாங்க" என்றாள்.

ஞானசுந்தரியின் தம்பி ஜெப்சனின் வீடு மஞ்சக்குட்டையில், மிளகுக்கொடி ஏறிய சவுக்கு மரங்களுக்கு நடுவே இருந்தது. ஆன்மேரி காரை ஓட்டினாள். ரைட்டர் முன்னால், கமலக்கண்ணன் பின்னால். ஜெப்சன் வாசலுக்கு வந்தார். அக்கா புருஷனைப் பார்த்ததும் கதவை மறித்து நின்றார்.

கமலக்கண்ணன் முன்னால் போய்ச் சொன்னான். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்குமென்று நினைத்திருந்தான். இருக்கவில்லை. "எல்லாம் பாத்தாச்சுங்களான்னு அம்மா கேட்டாங்க" என்ற இடத்தில் ஜெப்சன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா கேட்டுச்சா?"

"கேட்டாங்க. நான் ஆச்சுன்னு சொன்னேன்."

ஜெப்சன் கை ஓங்கினார். அது பாதியில் நின்றது. ஓங்கிய கையை அப்படியே இறக்கி, சூசைமாணிக்கத்தின் தோளைப் பிடித்தார். "உள்ள வாங்க மாமா" என்றார். மூவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. கமலக்கண்ணனை யாரும் கூப்பிடவில்லை.

அவன் ரோட்டோரம் நின்றான். உள்ளே முதலில் பேச்சுச் சத்தம் உரக்க எழுந்தது. பிறகு யாரோ அழுதார்கள், ஒரு பெண், அப்புறம் ஒரு ஆண். பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. வெயில் ஏறி, பனி கலைந்து, பள்ளத்தில் சேலம் போகிற ரோடு தெரிந்தது. திரும்பி நடந்துவிடலாம், நாகலூருக்கு ஜீப் கிடைக்கும். அவன் போகவில்லை.

மத்தியானம் கதவு திறந்து, ஜெப்சனின் மனைவி ஷீனா வந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளரில் காப்பி. அவன் முகத்தைப் பார்க்காமல் மதில்மேல் வைத்தாள்.

"ரைட்டர் அண்ணன் சாப்பிட உக்காந்துட்டாரு. இன்னும் நேரமாகும்" என்றாள். "குடிச்சுட்டு டம்ளரை இங்கயே வச்சிருங்க."

அவள் உள்ளே போனாள். காப்பி சூடாக இருந்தது. அவன் வெயிலில் நின்றபடியே குடித்தான்.